ஈஸ்டர் முட்டை வேட்டை நடத்தப் போறீங்களா? முட்டைக்குள்ள சாக்லேட் வைக்காதீங்க

1/
ஏப்ரல் 5 ஈஸ்டர். இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆட்களோட வாட்ஸ்அப் குரூப்கள்ல "இந்த வருஷம் எக் ஹன்ட் யார் வீட்டுத் தோட்டத்துல?"ன்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு. குழந்தைகள் மருத்துவரா இதுல எனக்கு ஒரு அழுத்தமான கருத்து இருக்கு. த்ரெட் நீளம். பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டு நடத்துறவங்க பொறுமையா படிங்க.

2/
தெரியாதவங்களுக்கு ஒரு வரி. வசந்த காலத்துல, ஈஸ்டர் சமயத்துல, தோட்டத்துலயோ பூங்காவுலயோ முட்டைகளை ஒளிச்சு வைப்பாங்க. முன்னாடி சாயம் பூசின அவிச்ச முட்டை. இப்போ பெரும்பாலும் பளபளப்புத்தாள் சுத்தின சாக்லேட் முட்டை, இல்லன்னா உள்ள மிட்டாய் வச்ச பிளாஸ்டிக் முட்டை. பிள்ளைகள் ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கிட்டு தேடுவாங்க. கண்டெடுத்தது அவங்களுக்கு. இதுல எந்த மதக் கட்டாயமும் இல்ல. எங்க தெருவுல இந்து, முஸ்லிம், ஒண்ணும் இல்லாதவங்க, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும்தான் ஓடுது.

3/
என் கருத்து இதுதான். ஒளிச்சு வைக்கிற முட்டைக்குள்ள தின்பண்டம் எதுவும் வைக்காதீங்க. வெறும் முட்டையா இருக்கட்டும், இல்ல ஒரு டோக்கன் இருக்கட்டும். தேடி முடிச்சதும் முட்டைகளை ஒரு மேஜையில கொண்டுவந்து கொடுக்கணும். அங்க ஒரு பெரியவர் உட்கார்ந்து அந்தந்தப் பிள்ளைக்கு ஏத்த பரிசைக் கொடுப்பார்.

கூடவே இன்னொண்ணு: ஒரு பிள்ளைக்கு இத்தனை முட்டைதான்னு முன்னாடியே எண்ணி வச்சுடணும். 'ஓடி எடுத்தவனுக்கு எல்லாம்'ங்கிற கதையே வேண்டாம்.

இந்த ரெண்டே மாற்றம் போதும். நான் எமர்ஜென்சியில பார்க்க விரும்பாத பாதி விஷயங்கள் அதுலயே அடங்கிடும். எப்படின்னு சொல்றேன்.

4/
"டாக்டர், ஈஸ்டரையும் கெடுக்க வந்துட்டீங்களா?"

இந்தக் குற்றச்சாட்டுக்கு 340 வருஷ வரலாறு இருக்கு! ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவந்து ஒளிச்சு வைக்குதுன்னு சொல்ற பழக்கத்தைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய எழுத்துப் பதிவு 1682-ல ஜெர்மனியில வந்தது. தலைப்பு 'ஈஸ்டர் முட்டைகள் பற்றி'. அது ஒரு மருத்துவ ஆய்வுரை. அதோட சேர்த்துப் பேசப்படுற பேர் கேயார்க் ஃப்ராங்க் ஃபான் ஃப்ராங்கெனாவ், ஹைடல்பெர்க் மருத்துவப் பேராசிரியர். அல்சாஸ் பக்கத்துல முயல் புல்லுலயும் புதர்லயும் முட்டையை ஒளிச்சு வைக்கும்னு பிள்ளைகள்கிட்ட சொல்வாங்க, பிள்ளைகள் ஆவலா தேடும், பெரியவங்க பார்த்துச் சிரிப்பாங்கன்னு அதுல இருக்கு. அதோட அளவுக்கு மீறி முட்டை தின்னா வர்ற வயிற்றுக் கோளாறு பத்தின எச்சரிக்கையும் இருக்கு.

ஆக, முட்டை வேட்டையைப் பத்தி எழுத வந்த முதல் ஆளே வயித்தைப் பத்திப் புலம்பின டாக்டர்தான். நான் குலத்தொழில் செய்யறேன், அவ்வளவுதான்.

5/
அந்த விவரணையில இன்னொரு விஷயத்தைக் கவனிங்க. பிள்ளைகள் தேடுது, பெரியவங்க பார்த்துச் சிரிக்கிறாங்க. விளையாட்டே அவ்வளவுதான். அங்க சாக்லேட் கிடையாது.

முட்டை ஏன் வந்தது? ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலத்துல பழைய காலத்துல இறைச்சியோட முட்டையும் விலக்கு. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கிட்டே இருக்கும். விரதம் முடியும்போது வீடு நிறைய முட்டை. சாயம் பூசு, பரிசு கொடு, ஒளிச்சு வச்சு விளையாடு.

6/
ஜெர்மனியில இருந்து இது இங்கிலாந்து அரண்மனைக்குள்ள வந்தது. விக்டோரியா பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, 1833-ல, ஜெர்மன்காரியான அவங்க அம்மா அலங்கரிச்ச முட்டைகளை ஒளிச்சு வைக்க, அதைத் தேடினதைத் தன் டைரியில எழுதியிருக்காங்க. பின்னாடி அவங்களும் ஆல்பர்ட்டும் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே செஞ்சாங்க.

இங்கிலாந்துல முதல் சாக்லேட் ஈஸ்டர் முட்டையை பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி போட்டது 1873-ல. கேட்பரி 1875-ல. அதாவது சாக்லேட் வர்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே பிள்ளைகள் இதைச் சந்தோஷமா விளையாடிட்டு இருந்திருக்கு. "சாக்லேட் இல்லாம எக் ஹன்ட்டா?"ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் என் பதில்.

7/
இப்போ மருத்துவம். முதல்ல மூச்சு அடைப்பு. எனக்கு இதுதான் பெரிய பயம்.

சின்ன வயசுப் பிள்ளையோட மூச்சுக்குழாய் ஏறக்குறைய அந்தப் பிள்ளையோட சுண்டு விரல் தடிமன்தான். அந்த வயசுல மென்று அரைக்கிற திறமை முழுசா வந்திருக்காது. ஓடிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, கத்திக்கிட்டே ஒரு மிட்டாயை வாயில போட்டா, ஒரு ஆழமான மூச்சுல அது உள்ள போயிடலாம்.

சர்க்கரைக் கூடு போட்ட குட்டிச் சாக்லேட் முட்டைகள் இருக்கே, உருண்டை, வழவழப்பு, கெட்டி. மூச்சுக்குழாயை அடைக்கறதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: 4 வயசுக்குக் கீழ கொடுக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க. ஜெல்லி பீன்ஸ், கோலிக்குண்டு சைஸ் மிட்டாய், முழுக் கடலை, எல்லாம் அதே ரகம்.

பாக்கெட்டுல எச்சரிக்கை இருக்கும். பிளாஸ்டிக் முட்டைக்குள்ள போட்டு மூடி புல்லுல ஒளிச்சு வச்ச பிறகு அந்த எச்சரிக்கை எங்க இருக்கு? குப்பைத்தொட்டியில. முட்டையைத் திறக்கிறது யாரு? அண்ணன் பின்னாடியே ஓடின ரெண்டு வயசுத் தங்கச்சி.

8/
இதைத் தனியா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

பிள்ளை சத்தமா இருமினா, அழுதா, காற்று போய்க்கிட்டு இருக்கு. இருமட்டும், தட்டாதீங்க. சத்தமே வரலைன்னாதான் ஆபத்து. குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையின் அடிப்பகுதியால 5 பலமான தட்டு. வெளியில வரலைன்னா, 1 வயசுக்கு மேல: பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல கை கோர்த்து உள்ளேயும் மேலேயுமா 5 இழுப்பு. 1 வயசுக்குக் கீழ வயித்தை அமுக்கக் கூடாது: மல்லாக்கப் படுக்க வச்சு நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால 5 அழுத்தம். மாத்தி மாத்திச் செய்யுங்க. ஒருத்தர் செய்யும்போது இன்னொருத்தர் 999 கூப்பிடணும் (தமிழ்நாட்டுல 108). நினைவு தப்பினா சிபிஆர். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள்ள விரல் விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ள தள்ளிடும்.

வேட்டை நடத்துறவங்கள்ல ஒருத்தருக்காவது இது கைப்பழக்கமா தெரிஞ்சிருக்கணும்.

9/
"சரி, மிட்டாய் வேண்டாம், குட்டி பொம்மை வைக்கலாமா?"

வைக்கிறதுக்கு முன்னாடி டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய் ஒண்ணு எடுங்க. அதுக்குள்ள நுழைஞ்சு போற எதையும் 3 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாது.

மலிவான மின்னுற மோதிரம், பாட்டுப் பாடுற கீ-செயின், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ள பட்டன் பேட்டரி இருக்கும். முழுங்கி உணவுக்குழாய்ல சிக்கினா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே அந்தத் திசுவை அரிச்சுப் புண்ணாக்கிடும். முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே நேரா எமர்ஜென்சி, வீட்டுல உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்ல. சின்ன காந்த உருண்டைகளுக்கும் இதே விதி.

கொசுறு: சாக்லேட்டுக்குள்ள பொம்மை வச்ச கிண்டர் முட்டையை அமெரிக்காவுல விற்க முடியாது தெரியுமா? தின்பண்டத்துக்குள்ள தின்ன முடியாத பொருளை மறைச்சு வைக்கக் கூடாதுன்னு 1938 சட்டம். துப்பாக்கி வாங்கலாம், அது வேற கதை.

10/
அடுத்தது அலர்ஜி. நம்ம ஆட்கள் இன்னும் லேசா எடுத்துக்கிற விஷயம். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது கண்ணு, ஆன்ட்டி சொல்றேன்ல"ங்கிற ஆன்ட்டிகளுக்காகவே இந்த ட்வீட்.

பால் சாக்லேட்ல பால் இருக்கு. நிறைய சாக்லேட்ல கொட்டைப் பருப்பு இருக்கு, இல்லன்னா அதே இயந்திரத்துல ஓடியிருக்கும். பிரிட்டன்ல பள்ளி வயசுப் பிள்ளைகள்ல உயிரைப் பறிச்ச உணவு அலர்ஜிகளுக்கு முதல் காரணம் கடலை இல்ல, பசும்பால். இதைச் சொன்னா டாக்டர்களே சில பேர் ஆச்சரியப்படுவாங்க.

இன்னொரு பொறி: ஒரே பிராண்ட் சாக்லேட்டோட பெரிய பாக்கெட்டும் ஈஸ்டருக்குன்னு வர்ற குட்டி வடிவமும் ஒரே பொருள்களால செஞ்சதா இருக்கணும்னு இல்ல. "இதை அவன் எப்பவும் சாப்பிடுவானே"ங்கிற கணக்கு அங்க தப்பலாம். பிரிச்சு முட்டைக்குள்ள போட்டுட்டா படிக்க லேபிளும் இல்ல.

11/
க்ளினிக்ல ஒரு அம்மா சொன்னது. பால் அலர்ஜி உள்ள ஆறு வயசுப் பையன். எந்த முட்டை வேட்டைக்குப் போனாலும் அவன் ஓடித் தேடிக் கொண்டுவந்த கூடையை வாங்கி, ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து, முக்கால்வாசியைப் பிடுங்கித் தம்பி கூடையில போடணும். "கடைசியில அவன் தம்பிக்கு வேலை செஞ்ச மாதிரி ஆயிடுது டாக்டர். அதனால இப்பெல்லாம் ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு வீட்டை விட்டே வெளிய போறதில்ல."

இந்தக் குடும்பத்துக்கு வழக்கமா என்ன 'ஏற்பாடு' செய்வாங்க? "உங்க பையனுக்குத் தனியா ஒரு பை வச்சிருக்கோம்." நல்ல மனசுதான். ஆனா அவன் தேடறதுக்காக வந்தான். பை வாங்கறதுக்கு இல்ல.

12/
இப்போ மேஜையைக் கற்பனை பண்ணுங்க. எல்லார் முட்டைக்குள்ளயும் ஒரே டோக்கன். இவனும் எட்டு தேடினான், தம்பியும் எட்டு தேடினான். மேஜைக்கு வந்தா தம்பிக்குச் சாக்லேட், இவனுக்குப் பால் இல்லாத சாக்லேட்டோ, பென்சிலோ, பம்பரமோ. லேபிளோட, முழு பாக்கெட்டா. தேடின நேரத்துல இவன் எதுலயும் குறைஞ்சவன் இல்ல.

அமெரிக்காவுல ஹாலோவீனுக்கு வாசல்ல நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைப்பாங்க, 'எங்க வீட்டுல தின்பண்டம் இல்லாத பரிசும் உண்டு'ன்னு அர்த்தம். 2014-ல இருந்து நாடு முழுக்கப் பரவின பழக்கம். ஈஸ்டருக்கும் அது சுலபமா பொருந்தும்.

அலர்ஜி உள்ள பிள்ளை வந்தா அட்ரினலின் பேனா ஊசி பிள்ளை பக்கத்துலயே இருக்கணும். கார்ல இல்ல, அம்மா கோட்டுப் பாக்கெட்டுலயும் இல்ல (அம்மா டீ குடிக்க உள்ள போயிருப்பாங்க). குரல் கம்மினா, மூச்சு இழுத்தா, பிள்ளை துவண்டா, யோசிக்காம தொடையின் வெளிப்பக்கம் ஊசி, 999, படுக்க வச்சு காலை உயர்த்துங்க. மூச்சு விட ரொம்பச் சிரமப்பட்டா உட்கார விடலாம். எழுப்பி நடக்க வைக்காதீங்க. அலர்ஜி மாத்திரை, சிரப் கொடுத்துட்டுக் காத்திருக்கறது இங்க உதவாது.

13/
டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள். "ஐயோ பாவம், உனக்குக் கூடாதே"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றதை முதல்ல நிறுத்துங்க. அவங்களும் சாக்லேட் சாப்பிடலாம். மாவுச்சத்துக் கணக்குப் போட்டு அதுக்கு ஏத்த இன்சுலின் எடுப்பாங்க, பெத்தவங்களுக்கு அது தெரியும். அவங்களுக்குத் தேவை ஒரு எண்: இதுல எத்தனை கிராம். பாக்கெட்ல அந்த எண் இருக்கு, முட்டைக்குள்ள இல்ல. மறுபடியும் மேஜைதான் பதில்.

இன்னொண்ணு யாரும் யோசிக்காதது. அரை மணி நேரம் ஓடித் தேடினா ரத்தச் சர்க்கரை ஏறாது, இறங்கும். 4-க்குக் கீழ (70 மி.கி.) போனா கையிலிருக்கிற சாக்லேட்டைக் கொடுக்காதீங்க, அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாத்திரை, இல்லன்னா ஜூஸ்.

14/
மத்த பிள்ளைகளுக்குச் சர்க்கரை? இதை நான் பெருசா எடுத்துக்கப் போறதில்ல. பிரிட்டன் கணக்குப்படி 4-6 வயசுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 19 கிராமுக்கு மேல போகக் கூடாது. 100 கிராம் பால் சாக்லேட்ல அதைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. அன்னைக்கு எல்லார் வீட்டுலயும் தாண்டும். வருஷத்துல ஒரு நாள், தாண்டட்டும்.

பல்லுக்கு வேணும்னா ஒரு யோசனை: ரெண்டு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கொறிக்க விடறதைவிட, சாப்பாட்டோட சேர்த்து ஒரே தடவையா கொடுக்கறது மேல். பல்லுக்கு எத்தனை கிராம்ங்கிறதைவிட எத்தனை தடவைங்கிறது முக்கியம்.

அப்புறம் அந்த "சுகர் ரஷ்" கதை. 1995-ல ஜாமா இதழ்ல வந்த தொகுப்பாய்வு, யாருக்குச் சர்க்கரை கொடுத்தாங்கன்னு பெத்தவங்களுக்கும் தெரியாம, பிள்ளைகளுக்கும் தெரியாம நடத்தின சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரையால பிள்ளைகளோட நடத்தை மாறலை. இருபது பிள்ளைகளை ஒரு தோட்டத்துல விட்டா கத்தத்தான் செய்யும், அதுக்குச் சர்க்கரை எதுக்கு.

15/
அவிச்ச முட்டையை ஒளிக்கிற வீடுகளும் இருக்கு. அழகான பழக்கம், எனக்குப் பிடிக்கும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: அவிக்கும்போது ஓட்டு மேல இருக்கிற இயற்கையான பூச்சு போயிடுது, அப்புறம் கிருமி உள்ள போறது பச்சை முட்டையைவிடச் சுலபம். விரிசல் விட்டிருந்தா கேட்கவே வேண்டாம். சாயம் பூசற நேரம், ஒளிச்சு வச்ச நேரம், தேடற நேரம், எல்லாம் சேர்த்து ஃப்ரிட்ஜுக்கு வெளியில 2 மணி நேரம்தான். அதுக்கு மேல போனா குப்பைக்கு.

இப்பெல்லாம் சென்னை, கோவை அபார்ட்மென்ட்களிலும் இந்த விளையாட்டு நடக்குது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினா 2 மணி நேரம் இல்ல, 1 மணி நேரம்தான். ஏப்ரல்ல நம்ம ஊர்ல காலை எட்டு மணிக்கே அந்தக் கணக்கு முடிஞ்சுடும். சாக்லேட்டும் புல்லுல பாயசமாதான் கிடைக்கும். வெறும் பிளாஸ்டிக் முட்டையோ, வர்ணம் பூசின மர முட்டையோ போதும்.

16/
இப்போ பெரியவங்களைப் பத்தி. இதுதான் எனக்கு வருத்தமான பகுதி.

2011-ல அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல, கட்டியிருந்த கயித்தைத் தாண்டிப் பெத்தவங்களே உள்ள குதிச்சு முட்டை பொறுக்கினாங்க. சில நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சது. அடுத்த வருஷம் அந்த வேட்டையே ரத்து. 2016-ல கனெக்டிகட்ல பெஸ் மிட்டாய் கம்பெனி வளாகத்துல நடத்தின வேட்டை: வயசு வாரியா மைதானம் பிரிச்சு, நேரம் குறிச்சு, எல்லாம் சரியாதான் திட்டம் போட்டாங்க. பெரியவங்க கூட்டம் நேரத்துக்கு முன்னாடியே புகுந்துடுச்சு. வெறும் கூடையோட அழுத பிள்ளைகள் செய்தியில வந்தாங்க.

நம்ம ஊர்ல பந்திக்கு முந்துன்னு சொல்வாங்க. ஆனா நம்ம பந்தியிலயே இலை போட்டு ஆளுக்கொரு வடைதான் வைப்போம். நடுவுல அண்டாவை வச்சுட்டு "எடுத்தவனுக்கு எடுத்தது"ன்னு விட்டா கல்யாண வீட்டுலயும் இதே கதிதான். மனுஷங்க மோசம்னு நான் நினைக்கலை. அந்த விதி மோசம்.

17/
அதனால எண்ணிக்கை. 20 பிள்ளை, ஆளுக்கு 8 முட்டை, மொத்தம் 160. எட்டு கிடைச்சவங்க கூடையைக் கீழ வச்சுட்டு, கிடைக்காதவங்களுக்கு உதவணும். 'சூடா இருக்கு, ஜில்லுன்னு இருக்கு'ன்னு துப்பு கொடுக்கலாம், கையைப் பிடிச்சு எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சில பேர் ஆளுக்கொரு நிறம் ஒதுக்குவாங்க: உனக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை. நல்ல யோசனை, ஒரு திருத்தத்தோட. ஐரோப்பிய வம்சாவளி ஆண் பிள்ளைகள்ல கிட்டத்தட்ட 12-ல ஒருத்தருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியா தெரியாது. சின்ன வயசுல அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு குறைவு. பச்சைப் புல்லுல சிவப்பு முட்டையைத் தேடச் சொல்லி, "கண்ணு முன்னாடி இருக்குடா"ன்னு திட்டாதீங்க. நிறத்தோட ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்க: நட்சத்திரம், மீன், இலை.

3 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தனி மூலை, கால் மணி நேரம் முன்னாடி. அவங்களுக்கு ஒளிச்சே வைக்க வேண்டாம், புல்லு மேல அப்படியே போட்டாலே பெரிய கண்டுபிடிப்புதான்.

10 வயசைத் தாண்டினவங்களைத் தேட விடாதீங்க, ஒளிக்க விடுங்க. அவங்களுக்கு அதுதான் பதவி உயர்வு. ரகசியமா பேசிக்கிட்டு, குட்டீஸ் தடுமாறறதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க.

18/
சக்கர நாற்காலியில வர்ற பிள்ளைக்குப் புல்லுல கிடக்கிற முட்டை எட்டாது. பெஞ்ச் மேல, வேலிக் கம்பியில, கிளையில ரிப்பன் கட்டித் தொங்க விடுங்க. ஒரு சிலதை மட்டும் இல்ல, எல்லாருக்குமே அந்த உயரத்துலயும் கலந்து வைங்க.

பார்வை இல்லாத பிள்ளை? எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இதுதான். அலபாமாவுல ஒரு வெடிபொருள் துறை அதிகாரி. அவர் மகளுக்குப் பார்வை கிடையாது. மகளும் முட்டை தேடணும்னு, 'பீப் பீப்'னு சத்தம் போடுற முட்டைகளைச் செஞ்சார். வெடிகுண்டு நிபுணர்கள் சங்கமே அதைக் கையில எடுத்துக்கிட்டது. இப்போ அமெரிக்காவுல பல ஊர்கள்ல, குண்டு செயலிழக்கச் செய்யறவங்க உட்கார்ந்து சாலிடரிங் போட்டுச் சத்த முட்டை செய்யறாங்க, பிள்ளைகள் காதை வச்சுத் தேடுது.

ஒயரும் பேட்டரியும் தெரிஞ்ச ஒரு அப்பா "என் மகளால எப்படித் தேட முடியும்?"னு கேட்டார், பதிலையும் கண்டுபிடிச்சார். "அவளுக்குத் தனியா ஒரு பை கொடுத்துடலாம்"னு முடிக்கலை.

19/
வழக்கமா வர்ற ரெண்டு கேள்வி.

"போட்டியே இல்லாம வளர்ந்தா நாளைக்கு உலகத்தை எப்படிச் சமாளிப்பான்?" ஓட்டப்பந்தயம் வைங்க, சாக்கு ஓட்டம் வைங்க, நானும் வந்து கை தட்டறேன். ஆனா ரெண்டு வயசையும் ஒன்பது வயசையும் ஒரே கோட்டுல நிறுத்தி விசில் ஊதற பந்தயம் எந்த ஊர்ல இருக்கு?

"டோக்கன்னா பிள்ளைகளுக்கு ஏமாற்றமா இருக்காதா?" சின்னவங்களுக்கு முட்டையை எடுத்துக் கூடையில போட்டுத் திரும்பக் கொட்டறதே ஆனந்தம். பெரியவங்களுக்கு டோக்கனுக்குப் பதிலா ஒரு படத்தை வெட்டித் துண்டு துண்டா வைங்க. எல்லாத் துண்டும் சேர்ந்தாதான் படம் தெரியும், படத்துலதான் பரிசுப் பெட்டி எங்க இருக்குன்னு துப்பு. அப்போ கடைசித் துண்டு வச்சிருக்கிற பொடியனைச் சுத்தி மொத்தக் கூட்டமும் நிக்கும் பாருங்க.

20/
தோட்டம். குளம், தொட்டி, ரோட்டுப் பக்க வேலி, பூச்சிமருந்து அடிச்ச செடி, இந்தப் பக்கமெல்லாம் முட்டை போகக் கூடாது. பிள்ளை தலைக்கு மேல, ஏறி எடுக்கிற உயரத்துல வைக்காதீங்க. ஏப்ரல்ல நிஜப் பறவைகளும் முட்டை இட்டிருக்கும். அந்தக் கூட்டுல கை வைக்கக் கூடாதுன்னு முன்னாடியே பிள்ளைகள்கிட்ட சொல்லிடுங்க, இங்க காட்டுப் பறவை முட்டையை எடுக்கறது சட்டப்படி குற்றம்.

ஒளிக்கும்போதே போன்ல போட்டோ எடுத்து வைங்க. 160 ஒளிச்சா 160 திரும்ப வரணும், எண்ணாம யாரும் கிளம்பக் கூடாது. சாக்லேட் முட்டை வச்சு ஒண்ணு புதர்ல தங்கிட்டா அதைக் கண்டுபிடிக்கப் போறது நாய்தான். சாக்லேட்ல இருக்கிற தியோப்ரோமின் நாய்க்கு விஷம். கருப்புச் சாக்லேட்ல இன்னும் அதிகம். நான் நாய் டாக்டர் இல்ல, ஆனா ஈஸ்டர் திங்கட்கிழமை அவங்க படற பாட்டைக் கேட்டிருக்கேன்.

21/
கடைசியா, அழைப்பு அனுப்பும்போது இதை அப்படியே காப்பி பண்ணிக்கோங்க:

"ஞாயிறு காலை 11 மணிக்கு முட்டை வேட்டை. 3 வயசுக்குள்ள இருக்கிறவங்க 10.45-க்கே வந்துடுங்க. ஒளிச்சு வைக்கிற முட்டைக்குள்ள தின்பண்டம் இருக்காது, பரிசு மேஜையில. உங்க பிள்ளையோட வயசு, எந்த அலர்ஜி, சர்க்கரை கணக்குப் பார்க்கணுமா, நடக்க, பார்க்க, கேட்க, இல்ல கூட்டத்துல நிக்க எதாவது சிரமம் இருக்கா, வியாழக்கிழமைக்குள்ள எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. குரூப்ல போட வேண்டாம். 10 வயசுக்கு மேல இருக்கிறவங்க ஒளிக்கற வேலைக்கு 10 மணிக்கு வரணும். கூடை கொண்டு வாங்க. நாயை வீட்டுல விட்டுட்டு வாங்க."